ஆச்சு சார்

"சாப்டியாம்மா?" என்று ஸ்ரீதர் சார் என்னைக் கேட்டார்.

அவர் எங்கள் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். அதுவரை என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. விடியற்காலையில் பென்னலூர் ரூமிலிருந்து ஓடிவந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால் குடித்த டீ வயிற்றில் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. இருந்தாலும் கேட்டவர் பெரிய மனிதர், அதுவும் சிரித்துக்கொண்டு கேட்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சு சார்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்டால், வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடியும் ஆச்சு. மூன்றாம் தரம் கேட்டுக் கையைப் பிடித்து இழுத்தால் போய் உட்கார்ந்துகொள்ளலாம். முதல் தரத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டால், வளர்த்தவர்களைத்தான் ஊர் திட்டும்.

ஸ்ரீதர் சார் ஒரு தரம்தான் கேட்டார். கையிலிருந்த டேப்லெட் திரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அடுத்த ஆள் தங்கமாரி. என்னுடைய ரூம் தோழி. அவளும் "ஆச்சு சார்" என்றாள். அதற்கடுத்து நாங்குநேரிக்காரன் வனமாமலை. "இப்பதான் சார் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக் காட்டினான். எங்கள் சூப்பர்வைசர் முனிரத்தினம் இந்த ஊர்க்காரர், தண்டலம். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆச்சு சார், வூட்டாண்டயே பிரியாணி" என்று ஒரு ஏப்பமும் விட்டார்.

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனி எங்களுடையது. அன்றைக்கு அங்கே பசியோடிருந்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஏற்பட்டது.

அடுத்த வாரம் எங்கள் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து, பிளான்ட் ஹெட் நடேசன் சார் பேசினார். பேசுவதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம கம்பெனியில ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. அதுல ஒரு உண்மை தெரிய வந்திருக்கு. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க அத்தனை பேரும் சாப்பிட்டு முடிச்சிடுறீங்க. அப்புறம் எதுக்குக் கேன்டீன்ல போய் உக்கார்றீங்க? கம்பெனி மனசு நோகக் கூடாதேன்னு! வயிறு முட்ட சாப்பிட்டவங்க, மரியாதைக்காக மறுபடியும் சாப்பிடுறீங்க. இத்தனை வருஷமா உங்களை இப்படிக் கொடுமைப்படுத்தியிருக்கோமேன்னு நினைச்சு எனக்குத் தூக்கமே வரல. இன்னையிலேர்ந்து அந்தக் கொடுமை கிடையாது."

முனிரத்தினம் கைதட்டினார். அதனால் நாங்களும் தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே கேன்டீன் கதவை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு நல்ல சேதி. ஓ.டி. பார்த்தா ரெட்டைச் சம்பளம் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. சட்டத்தை மீறுற ஆள் நான் இல்ல. அதனால இனிமே ஓ.டி.யே கிடையாது." மறுபடியும் கைதட்டல். "ஷிப்ட் முடிஞ்ச பிறகு, கம்பெனி மேல பிரியம் இருக்கிறவங்க, அவங்கவங்க மெஷினோட கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகலாம். அதுக்குப் பேரு பாச நேரம். பாசத்துக்குக் காசு கொடுத்தா அது பாசத்தைக் கேவலப்படுத்துற மாதிரி. அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன்."

கூட்டம் கலைந்ததும் வனமாமலை முனிரத்தினத்திடம் மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, பாசம் வரலேன்னா என்ன செய்ய?"

"வர்லன்னா இன்னா? கேட்டு தொறந்துதான் கீது. நாளிக்கு நீ வந்து வெரல வெச்சா மிசினு உன்னிய யாருன்னு கேக்கும். அவ்ளோதான்."

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்கிற அன்றைக்கு வலது கை ஆள்காட்டி விரலைப் பதிந்துகொள்வார்கள். கேட்டில் உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த விரலை வைக்க வேண்டும். "நன்றி" என்று ஒரு பெண் குரல் சொல்லும், குறுக்குக் கம்பி விலகும். விரலில் கிரீஸ் இருந்தால் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லும், கம்பி விலகாது. இப்போது நாங்கள் தகட்டை அழுத்தி வடிக்கிற பிரஸ் ஷாப்புக்குள்ளேயும் அதேபோல ஒன்றை மாட்டினார்கள். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் அதில் விரலை வைத்து, கணக்கில் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டு, அப்படியே திரும்பி அவரவர் மெஷினில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஆரம்பம் பாசம்.

எனக்குப் பசி தாங்கும். பத்தாவதில் படிப்பை விட்ட நாளிலிருந்து எத்தனையோ வேலைகளில் தாங்கிப் பழகியதுதான். தங்கமாரிக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. விடியற்காலையில் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொள்வாள். மத்தியானம் சோறு விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. சொன்னால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று கம்பெனியில் சொல்லவில்லை. அவள் ஓட்டுவதோ இருநூறு டன் பிரஸ்.

"ஏட்டி பூமாரி, ஊசி போட்டா சோறு திங்கணும். நான் சோத்தத் திங்கலேன்னா ஊசி என்னியத் தின்னுரும்" என்று ரூமில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்தாள். ஸ்ரீவைகுண்டத்துப் பாத்திரக் கடையில் வாங்கியது. மூடியில் 'செ. தங்கமாரி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்.

கம்பெனிக்குள் சாப்பிடவே கூடாது என்று ஆகிவிட்டதால், முதலில் கக்கூஸில் வைத்துச் சாப்பிட்டோம். நான்கு கதவு, நான்கு டிபன். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் அள்ளிப்போட வேண்டும். மூன்றாம் நாள் முனிரத்தினம் சம்மட்டியோடு வந்தார்.

தட்டவில்லை, கூப்பிடவில்லை. முதல் அடியில் தாழ்ப்பாள் பறந்தது. இரண்டாவது அடியில் கதவே உள்ளே விழுந்தது. உள்ளே இருந்த எங்கள் ஷிப்ட் பாண்டிச்செல்வியின் புருவம் பிளந்து, மடியிலிருந்த புளிச்சோற்றில் ரத்தம் சொட்டியது. "அண்ணே, நான் ரெண்டுக்குத்தான் வந்தேன்" என்று அவள் அழுதாள். "ரெண்டுக்கு வந்தவ தொட்டுக்க எதுக்கும்மே அப்பளம் எட்தாந்த?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கதவுக்குப் போனார். நான்கு கதவும் போன பிறகு, கதவு இல்லாத கக்கூஸ் வெளிப்படையான நிர்வாகத்தின் அடையாளம் என்று ஸ்ரீதர் சார் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டார்.

பிறகு ஊதச் சொன்னார்கள்.

ஹைவேயில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை போலீஸ்காரர் ஊதச் சொல்வாரே, அதே மாதிரி. லைனுக்கு வருகிற வழியில் முனிரத்தினம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராகக் குனிந்து அவர் முகத்தில் ஊத வேண்டும்.

"ஊது. நல்லா ஊது. இன்னாது இது, ரசமா?"

"தண்ணிதான் அண்ணே."

"தண்ணியில பூண்டு எப்டிமே வந்துச்சு? எம்மாம் ஊத்திக்கின? ஃபுல்லா, ஆஃபா?"

சாப்பாடு சாப்பிட்டால் மந்தம் வரும், மந்தம் வந்தால் மெஷினில் அடிபடும், ஆகவே சாப்பிட்டுவிட்டு மெஷினைத் தொடுவது கொலைக்குச் சமம் என்று ஸ்ரீதர் சார் பாதுகாப்பு வகுப்பில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் ஒரு இட்லிக்கு மேல் மண்டை ஓடு இருந்தது.

நான் சேஃப்டி ஷூவுக்குள் கருப்பட்டித் துண்டுகளை மறைத்துக் கொண்டுவர ஆரம்பித்தேன். மத்தியானம் நட்டு எடுக்கிற மாதிரி குனிந்து, ஒன்றைத் தங்கமாரி கையில் திணிப்பேன். அவள் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். சில நாள் ஓடியது. ஒருநாள் முனிரத்தினம் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டார்.

"பல்லு வலியா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் இடது கையால் அவள் தாடையை இறுக்கி, வலது கை விரலிரண்டை வாய்க்குள் விட்டுத் தோண்டினார். கருப்பட்டியை அவள் விடவில்லை. விரலையும் விடவில்லை. கடித்தாள். எலும்பில் பல் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறிக்கொண்டு மறுகையால் அறைந்தார், மறுபடி அறைந்தார், அவள் காதிலிருந்து கம்மல் தெறித்தது. கடைசியில் விரல் வெளியே வந்தபோது ரத்தமும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. அறைந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பணி நேரத்தில் உணவு உட்கொண்டாள் என்பதுதான் குற்றம். குற்றப் பத்திரிகையில் 'உணவின் பெயர்' என்ற இடத்தில் 'சூப்பர்வைசர்' என்று இருந்தது.

"நான் முழுங்கல சார்" என்றாள் தங்கமாரி.

"முயற்சி செஞ்சீங்க இல்ல?" என்றார் ஸ்ரீதர் சார், வருத்தத்தோடு. அவளுக்கு அதிகப்படியான பாசம் விதிக்கப்பட்டது. சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அவள் பிரஸ்ஸில் ஒரு மாற்றமும் செய்தார்கள். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சைப் பட்டன், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முனிரத்தினம் ஒரு மரச் சில்லைச் சீவி, வலது பட்டனை அமுக்கியபடியே இருக்குமாறு அடித்துச் செருகினார். இப்போது ஒரு கை தகட்டை உள்ளே தள்ளலாம், ஒரு கை அமுக்கலாம். உற்பத்தி கூடியது. அந்த மரச் சில்லுக்கு அந்த மாதத்தின் சிறந்த யோசனைப் பரிசு கிடைத்தது.

இப்படி இருக்கும்போது எங்கள் கீலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். தொழிலாளர்கள் மத்தியானம் சாப்பிடுகிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். கேன்டீனைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள். உண்மையான சோறு, உண்மையான சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். ஆனால் நாங்கள் சாப்பிடுகிற மாதிரி காட்டினால் போதும். மிச்சச் சோறு மறுநாள் வேறு பார்வையாளர்களுக்கு வேண்டும்.

முனிரத்தினம் ஒத்திகை நடத்தினார். "கை சோத்துல போணும். மேல வர்ணும். வாய் தொறக்கணும். கை கீய எறங்கணும். சோறு கையிலயே இருக்கணும். வெளங்குதா? ஒன்... டூ..."

பார்வையாளர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். நாங்கள் கையைத் தூக்கினோம், வாயைத் திறந்தோம், கையை இறக்கினோம். கேன்டீன் முழுக்க ஒரு சத்தமில்லை. எல்லார் வாயிலும் எச்சில் ஊறி மோவாயில் வழிந்தது. நான்காவது தரம் தூக்கும்போது வனமாமலையின் கை இறங்கவில்லை.

முனிரத்தினம் மேசையைத் தாண்டிப் பாய்ந்தார். அவன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நெரித்தார். "முய்ங்காத! டேய், முய்ங்காத! துப்புறா!" வனமாமலையின் கண் பிதுங்கியது. முகம் கறுத்தது. கவளம் தொண்டையில் மேலும் கீழும் போவது வெளியே தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள் பதறிக் கேட்க, ஸ்ரீதர் சார், "முதலுதவிப் பயிற்சி, தினமும் செய்கிறோம்" என்று விளக்கினார். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வனமாமலை விழுங்கிவிட்டான்.

அந்த 'மடக்' சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிறகு யார் முதலில் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. எல்லாரும் தின்றோம். இரண்டு கையாலும் தின்றோம். செக்யூரிட்டிகள் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தட்டால் தடுத்தோம், தட்டால் அடித்தோம், ஒருவன் சாம்பார் வாளியைத் தூக்கி வீசினான். கம்பு விழுகிற முதுகோடு குனிந்து அள்ளி அள்ளிப் போட்டோம். தங்கமாரியின் நெற்றியில் ரத்தம், வாயைச் சுற்றிச் சாம்பார். பல நாளைக்குப் பிறகு அவள் கை நடுங்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தட்டு, டிபன் பாக்ஸ் முதலியவை ஆயுதம் என்று இதனால் நிரூபணமாகிவிட்டது. ஆகவே ஆயுத பூஜைக்கு எங்கள் டிபன் பாக்ஸ்களை எல்லாம் பிடுங்கி, குங்குமம் வைத்து, பிரஸ்ஸுக்கு முன்னால் அடுக்கினார்கள். பூசணிக்காய்க்குப் பதிலாக இந்த வருடம் டிபன் பாக்ஸைப் பலி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. நடேசன் சார் பட்டு வேட்டியில் வந்தார்.

"பசிங்கறது ஒரு பழக்கம்" என்றார். "என்னையே எடுத்துக்குங்க. காலையில ரெண்டு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் பாதாம். மத்தியானம் வெறும் மீனும் கீரையும். நாலு மணிக்கு சூப். ராத்திரி டாக்டர் சொன்னதால கொஞ்சம் கோழி. இதை வெச்சுதான் ஒரு கம்பெனியையே நடத்துறேன். பட்டினியோட அருமை எனக்குத் தெரியும். நீங்க சின்ன வயசுக்காரங்க, உங்களால முடியாதா?"

முதல் பலிக்குத் தங்கமாரியைக் கூப்பிட்டார்கள். அவள் பாக்ஸ், அவள் பிரஸ், அவள் கை. பாக்ஸை அச்சுக்கு நடுவில் வைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினாள். இருநூறு டன் இறங்கியது. ஏறியபோது அங்கே ஒரு தகடு இருந்தது. அப்பளம் மாதிரி பரந்து, பெயரும் அதோடு பரந்து, 'செ. தங்கமாரி' இப்போது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார் நடேசன் சார்.

பூஜைப் பொரியும் சுண்டலும் பொட்டலமாகக் கட்டி ஆபீஸ் மேசையில் வைத்திருந்தது. ஆளுக்கொரு பொட்டலம், பாச நேரம் முடிந்து போகும்போது கேட்டில் கொடுப்பார்கள். கண்ணாடி வழியாக எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

சங்கு ஊதியது. விரலை வைத்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டு மெஷினுக்குத் திரும்பினோம். தங்கமாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் வியர்த்துக் கொட்டியது.

"ஏட்டி, கெறக்கமா வருது."

"நில்லு, வாரேன்" என்று முனிரத்தினத்திடம் ஓடினேன். அதுவரை அவரிடம் நானாகப் போய் எதையும் கேட்டதில்லை. "அண்ணே, ஒரு பொட்டலம் மட்டும் குடுங்க. அவளுக்குச் சக்கரை. ஊசி போடுதா. இப்ப திங்கலேன்னா விழுந்துருவா."

அவர் என்னைப் பார்த்தார். விரலில் கட்டு இன்னும் இருந்தது. "எனக்குந்தான் சக்கர கீது" என்றார். "காலையிலேர்ந்து நான் மட்டும் இன்னா துன்னுகினேன்?" அவர் கையும் நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். அவர் ஆபீஸைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மேலே கேமராவைப் பார்த்தார். பொட்டலத்தின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார்.

அதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. தகட்டில் இறங்கினால் டங் என்று கேட்கும். இது டங் என்று கேட்கவில்லை. ஈரத்துணியை அறைந்த மாதிரி கேட்டது.

திரும்பி அவளிடம் ஓடினேன். உள்ளே போன வலது கையை வெளியே எடுத்து, அதில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மட்டும் இருந்தது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. வனமாமலை ஓடிவந்து மரச் சில்லைப் பிடுங்கி எறிந்தான். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினோம்.

108 வண்டி வெளியே வந்து நின்றது. உள்ளே வர முடியவில்லை. டிரைவரின் விரல் எங்கள் மெஷினுக்குத் தெரியாது.

"வெரல் வைக்காம யாரும் வெளிய போகக் கூடாது, ஆர்டர்" என்றான் செக்யூரிட்டி. தங்கமாரியின் இடது கை விரலை வைத்தோம். மீண்டும் முயற்சிக்கவும். என் விரலை வைத்தேன். நான் போகலாம், அவள் போகக் கூடாது. வலது ஆள்காட்டி விரல்தான் வேண்டும் என்றான். அது பிரஸ்ஸுக்குள் இருக்கிறது என்றோம். அவன் போனில் ஸ்ரீதர் சாரைக் கேட்டான். கேட்டுவிட்டு, "எடுத்துட்டு வரச் சொல்றாரு" என்றான்.

முனிரத்தினம் போய் எடுத்துவந்தார். எண்ணெய் துடைக்கிற பஞ்சில் வைத்துக் கொண்டுவந்தார். அதை அவரே மெஷினில் வைத்தார். தட்டையாக இருந்தது, ரேகை என்று எதுவும் இல்லை. மீண்டும் முயற்சிக்கவும். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். மீண்டும் முயற்சிக்கவும். திருப்பி வைத்தார். அந்தப் பெண் குரல் எத்தனை தரம் சொன்னாலும் ஒரே மாதிரி மரியாதையாகச் சொன்னது. தங்கமாரி என் தோளில் கண்ணை மூடினாள்.

முனிரத்தினம் விரலைப் பஞ்சோடு என் கையில் கொடுத்தார். போய்ச் சம்மட்டியோடு வந்தார். கக்கூஸ் கதவில் அடித்ததைவிடப் பலமாக அடித்தார். மெஷின் நொறுங்கியது, கம்பி வளைந்தது, பிடுங்கிக்கொண்டு விழுந்தது. விழுந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். "ஓப்பன் ஆவுதா இல்லியா? ஆவுதா இல்லியா?" செக்யூரிட்டிகள் நான்கு பேர் கம்போடு அவர் மேல் விழுந்தார்கள். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை, கம்புகள் ஏறி இறங்குவதுதான் தெரிந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பெரிய போர்டு உண்டு. மறுநாள் அதில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். கம்பெனிக்கு மனசாட்சி இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது கேட்டு உடைந்ததற்காகப் போட்ட பூஜ்யம். முனிரத்தினத்துக்கு வேலை போனது.

தங்கமாரிக்கு நடந்தது விபத்தே இல்லை என்று நடேசன் சார் விளக்கினார். "விபத்துங்கறது வேலை நேரத்துல நடக்கிறது. அவங்க விரல் வெச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க, ரெக்கார்டு இருக்கு. வீட்டுக்குப் போன பொண்ணுக்கு இங்க எப்படி அடிபடும்? அதுக்கப்புறம் அவங்களுக்கும் மெஷினுக்கும் நடுவுல நடந்தது பாசம். ஒரு பொண்ணு பாசத்துல கையை அறுத்துக்கிட்டா அதுக்கு அடுத்தவங்க என்ன பண்ண முடியும்? நான் அனுதாபப்படுறேன். அவ்வளவுதான் முடியும்."

கட்டுப் பிரித்த பிறகு தங்கமாரியைக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நான் போனேன். ஸ்ரீதர் சாரின் அறையில் மேசைமேல் தலைவாழை இலை போட்டிருந்தது. சோறு, சாம்பார், இரண்டு கூட்டு, வடை, பாயசம். எல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சட்டம் போட்ட அவளுடைய டிபன் பாக்ஸ் தகடு இருந்தது. நடேசன் சாரும் இருந்தார்.

"உங்க இடது கை விரலைப் பதிஞ்சுக்கலாம்னு மேலிடத்துல பெரிய மனசு பண்ணியிருக்காங்க" என்றார் ஸ்ரீதர் சார். "நாளைக்கே பாசத்துக்கு வரலாம். ஒரே ஒரு சின்ன கேள்வி. அன்னிக்கு நீங்க பசி மயக்கத்துல இருந்ததா வெளியில யாரோ பேசிக்கிறாங்க. அதை மட்டும் தெளிவுபடுத்திட்டா போதும்." டேப்லெட்டை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். கேள்விக்குக் கீழே ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 'ஆச்சு.' இல்லை என்பதற்குக் கட்டம் வைக்கவில்லை. அதை யாரும் சொன்னதில்லை.

அவர் முதலில் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீ சாப்டியாம்மா?"

"ஆச்சு சார்" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, அதுவாகச் சொல்லிவிட்டது. ஸ்ரீதர் சார் கட்டத்தில் தட்டினார்.

பிறகு அவளைப் பார்த்தார். "நீங்க சாப்டீங்களா?"

தங்கமாரி இலையைப் பார்த்தாள். வடையிலிருந்து எண்ணெய் ஒழுகி இலை நரம்போடு ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்டீங்களாம்மா?" என்று நடேசன் சார் கேட்டார். அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. குரல் குழைந்திருந்தது.

இரண்டாம் தரம். அவள் பார்வை இலையிலிருந்து தகட்டுக்குப் போனது. ஸ்ரீதர் சாரின் விரல் கட்டத்துக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"தங்கமாரி, சாப்டீங்களா?" ஸ்ரீதர் சார் எழுந்து வந்து அவள் இடது கையைப் பிடித்து மேசைப் பக்கம் இழுத்தார்.

மூன்றாம் தரமும் கேட்டாகிவிட்டது, கையையும் பிடித்தாகிவிட்டது. எங்கள் ஊர் முறைப்படி இனி உட்கார்ந்துகொள்ளலாம். விடியற்காலையில் அவள் ஊசி போட்டிருந்தாள், எனக்குத் தெரியும். அவள் நெற்றியில் வியர்க்க ஆரம்பித்திருந்தது.

அவள் கையை உருவிக்கொண்டாள். சட்டத்தை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி உடைந்து சோற்றிலும் பாயசத்திலும் விழுந்தது. தகட்டை உருவி இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் வாசல்வரை ஓடினேன். புதுக் கேட்டில் புதுக் கம்பி போட்டிருந்தார்கள். அவள் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தாள்.

"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின்.

அந்தப் பக்கம் நிமிர்ந்து, தகட்டைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைத் தாண்டிப் போனாள்.